நேற்றைய கோப்பி

இரவு ஒன்றரைக்கு எப்பிங் சந்தையின் கதவு திறக்கும்.
வத்தகப்பழப் பெட்டி, பூசணி, குளிர் ஒட்டிய கீரைக்கட்டு,
பின்னுக்கு வரும் ஃபோர்க்லிஃப்டுகளின் ஓயாத கூவல்.
ஸ்டாவ்ரோஸின் வண்டிலில் முதல் கோப்பி.
மூன்று மணிக்கு இரண்டாவது.
ஐந்துக்கும் ஆறரைக்கும் இன்னும் ஒவ்வொன்று.
மெல்பேணில் பதினொரு வருசம் இதுதான் கணக்கு,
பிழைத்ததில்லை.

குளிசை வந்தது மாசியில்.
அடுப்பை நூர்த்தேனா என்று
நெடுஞ்சாலை ஏறின காரைத்
திருப்பிக்கொண்டு வருகிற வியாதிக்கு.
ஒருமுறை அல்ல. ஒன்பது முறை.
நிலானி கதவடியில் வந்து நின்று
"இஞ்சரப்பா, நூத்தாச்சு, நான் பாத்தனான்" என்பாள்.
அவள் பார்த்தது எனக்குக் காணாது.

டாக்குத்தர் கேட்டார்:
நித்திரை எப்படி, குடி உண்டா,
சாக வேண்டும் போல் இருக்கிறதா.
கோப்பியைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மூச்சு விடுகிறேன் என்று
யாராவது டாக்குத்தரிடம் போய்ச் சொல்வார்களா?

இரண்டாம் கிழமை
நெஞ்சுக்குள் ஒருத்தன் பலகை அடிக்கத் தொடங்கினான்.
பகல் படுக்கையில் கண்ணை மூடினால்
இமைக்குப் பின்னால் யாரோ லைட்டை நூர்க்க மறந்திருந்தார்கள்.
கை நடுங்கி
தக்காளிப் பெட்டி ஒன்றைச் சீமெந்தில் கொட்டினேன்.
முப்பத்தாறு டொலர். சம்பளத்தில் பிடிக்கவில்லை,
ஆனால் எல்லாரும் பார்த்தார்கள்.
நித்திரை இல்லாத களைப்புக்கு
ஐந்தாவது கோப்பி குடித்தேன்.
அடுப்பைப் பதினாலு முறை பார்த்தேன்.
வியாதி மருந்தை வென்றுவிட்டது என்று
முடிவு கட்டியே விட்டேன்.

மருந்துக்கடை லான்
கணினியில் இருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள்:
கோப்பி எத்தனை?
ஐந்து என்றேன்.
நிமிர்ந்தாள்.
மருந்துப் பையின் பின்பக்கத்தில்
பேனையால் ஒன்று கீறினாள். ஈரல் என்றாள்.
பார்க்க வீடு மாதிரித்தான் இருந்தது.
"கோப்பி வெளியே போகிற கதவு இது.
ஐந்து மணித்தியாலத்தில் பாதி போய்விட வேண்டும்.
உன்னுடைய குளிசை இந்தக் கதவில்
முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது.
பாதி போக ஒரு நாளுக்கும் மேலே."

அப்படியென்றால்?

"செவ்வாய்க்கிழமைக் கோப்பியை
நீ வியாழக்கிழமையும் குடித்துக்கொண்டிருக்கிறாய்."

விருந்தும் மருந்தும் மூன்று நாள்
என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.
இங்கே மருந்து வாசலை மறிக்க
விருந்து உள்ளே குந்திவிட்டது.
புதன்கிழமைக்காரன் வந்து தட்டுகிறான்,
திங்கட்கிழமைக்காரன் கதிரையால் எழும்பவில்லை.
ஒருவருக்கும் நித்திரை இல்லை.
அத்தனை பேரும் ஒரே வாயாய்
அடுப்பை நூர்த்தாயா, அடுப்பை நூர்த்தாயா என்றால்
மனுசன் என்ன செய்வான்?

சிரித்துவிட்டேன், கடைக்குள் நின்றே.
பின்னால் நின்ற கிழவர் ஒரு அடி விலகினார்.

குளிசையை நீயாக நிறுத்தாதே என்றாள் லான்.
கோப்பியையும் ஒரேயடியாய் விடாதே,
தலை வெடிக்கும்.
டாக்குத்தருக்கு அவளே போன் எடுத்தாள்.

ஐந்து மூன்றாகியது. மூன்றில் கனநாள் நின்றது.
ஸ்டாவ்ரோஸுக்குக் கோபம்.
"இப்போது யாரிடம் குடிக்கிறாய்?" என்று
களவு பிடித்த மனைவி போலக் கேட்டான்.
ஈரல், கதவு, விருந்தாளி எல்லாம் சொன்னேன்.
கேட்டுவிட்டு ஒரு சின்னக் கப் தேடி எடுத்தான்.
காசு மட்டும் பெரிய கப்புக்கு வாங்கினான்.

இன்றைக்கு அந்தச் சின்னக் கப்பிலும் பாதிதான்.
மீதி ஃபோர்க்லிஃப்டின் முன்தட்டில் ஆறிக் கிடந்தது.
தக்காளி இருபத்திரண்டு பெட்டி ஏற்றினேன்.
இருபத்து மூன்றாவது கொஞ்சம் ஆடியது,
விழவில்லை.

வீட்டுக்கு வந்து அடுப்பை நாலு முறை பார்த்தேன்.
நிலானி வேலைக்குப் போயிருந்தாள், கேட்க ஆளில்லை.
யன்னல் சீலையை இழுத்துவிட்டுப் படுத்தேன்.
உள்ளே நேற்றையது கொஞ்சம்
இன்னும் எழும்பாமல் இருந்தது.
இருக்கட்டும்.